வாட்ச்காரர் வந்த அன்று

மார்ச் 6

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று நழுவக் கூடாது. பெரிய நர்ஸ், சின்ன நர்ஸ், கழுத்தில் வாட்ச் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஆபீஸ்காரர், எதிர்வீட்டு டிரைவர், டிரைவர் சம்சாரம், உன் அம்மா, நான். உன் அப்பா இல்லை. அவன் எப்போதுதான் இருந்தான்.

நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம், ம்" என்கிறாய். கடிதத்தில் ம் போட்டு ஒப்பேற்ற முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நாலாவதோடு நின்றவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள். என் கால் புண் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு அப்படியேதான் இருக்கிறது. ஓரத்தில் புதுத் தோல் வருகிறது என்று பெரிய நர்ஸ் சொல்கிறாள். வாரம் மூன்று தரம் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுகிறார்கள். ஒரு நாள் பெரியவள் வந்தால் மறுதரம் சின்னவள்.

சங்கதி இதுதான். போன வாரம் டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். ஆபீசிலிருந்து ஆள் வரப்போகிறானாம், நர்ஸ்கள் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று வாட்ச் வைத்துப் பார்ப்பானாம், மந்தமாக வேலை செய்கிறவர்களுக்குச் சீட்டுக் கிழியுமாம்.

"நம்ம சிஸ்டருங்கள விட்டுக் குடுக்கக் கூடாது பாட்டி" என்றார். அவருக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். பாட்டி என்கிறார். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

திட்டம் என்னுடையது. வழக்கமாகக் கட்டுத் துணி புண்ணோடு ஒட்டிப்போயிருக்கும். நர்ஸ் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நூல் நூலாகப் பிரிப்பாள். அதற்கே நேரம் போய்விடும். அன்று அவர்கள் வருவதற்கு முன்னால் நானே ஊறவைத்துப் பிரித்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. உன் அம்மா வாளியைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ரத்தம் ஆகாது, வாய் மட்டும் ஆகும். பிளாஸ்டரை அளவாக வெட்டி ஜன்னல் கம்பியில் ஒட்டிவைத்தேன். நர்ஸ் தெருவைத் தாண்டுகிற நேரமும் மிச்சமாகட்டும் என்று டிரைவரும் சம்சாரமும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை அல்லவா, பாதத்தில் உணர்ச்சி கிடையாது, ஆணி ஏறினாலும் தெரியாது. நர்ஸ் ஒவ்வொரு தரமும் விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். அன்று அவர் இரண்டு காலிலும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு துரை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சின்ன நர்ஸ் வாசலில் வண்டியோடு நின்றுவிட்டாள். உள்ளே வந்ததும் பெரிய நர்ஸ் முகம் மாறிவிட்டது.

"பாட்டி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. நீ கட்டு."

வாட்ச்காரர் பொத்தானை அமுக்கிவிட்டார். அப்புறம் அவள் என்ன பேச முடியும்? மருந்து வைத்தாள், கட்டினாள், எழுந்தாள். டிரைவரிடம் போய் "சாக்ஸ கழட்டுங்க" என்றாள்.

"என் காலு ராஜா மாதிரி இருக்கு சிஸ்டர். நீங்க அடுத்த வீட்டப் பாருங்க."

வாட்ச்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார். "வழக்கமா இவ்வளவு நேரந்தானா பாட்டி?" என்று என்னைக் கேட்டார்.

"இதவிடக் கம்மியாத்தான் ஆகும். இன்னிக்கு நீங்க நிக்கிறீங்கன்னு அவளுக்குக் கை நடுங்குது" என்றேன்.

இவ்வளவும் செய்தும், போகும்போது பெரிய நர்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி வேண்டாம், ஒரு தலையசைப்பு? அதை நான் மறக்கமாட்டேன். என் கல்யாணத்தன்று என் நாத்தனார், "பொண்ணு சுமார்தான், பல்லு மட்டும் வரிசை" என்று சொன்னதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவள் படுக்கையில் விழுந்தபோது கடைசி மூச்சுவரை ஊட்டிவிட்டதும் துடைத்துவிட்டதும் நான்தான். அது வேறு, இது வேறு.

உடம்பைக் கவனி. பதில் போடு.

பாட்டி

மார்ச் 15

பாட்டிக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பல் வரிசை வந்த இடத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

எனக்கும் ஒரு நல்ல சேதி. புது வேலை கொடுத்திருக்கிறார்கள். எல்லா வட்டாரங்களிலிருந்தும் கணக்குகள் வருகின்றன. அவற்றைக் கூட்டி, வகுத்து, மேலே அனுப்ப வேண்டும். பிசகில்லாமல் முடித்தால் பணி நிரந்தரம் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லிவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இதுவரை எழுதிவிட்டுச் சில நாள் தபாலில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒன்று கேட்க வேண்டும். கட்டை நீங்கள் முன்னாலேயே பிரித்துவைத்தது அந்த வாட்ச்காரருக்குத் தெரியுமா? டிரைவர் மாமா சாக்ஸைக் கழற்றவில்லை என்று அவர் எழுதிக்கொண்டாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். இதை வேறு யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள்.

உங்கள் பேத்தி

ஏப்ரல் 2

வாலுப் பேத்திக்கு,

உனக்கு நிரந்தரம் ஆகட்டும். ஆனதும் முதலில் எனக்கு எழுது, உன் அம்மாவுக்கு இல்லை. நான் இருக்கிறேன், கால்தான் வேறு யாருடையதோ மாதிரி கனக்கிறது.

வாட்ச்காரரைப் பற்றி ஏன் இத்தனை விசாரணை? ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். ஆனால் கை விரலில் மோதிரம், சட்டைப் பையில் குழந்தை போட்டோ. ஆசையை விட்டுவிடு. அவருக்கு ஒன்றும் தெரியாது. பிரித்த துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். டிரைவர் காலைப் பற்றி, "பாதம் நன்று" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

இப்போது கேள். சின்ன நர்ஸ் போய்விட்டாள். அவளுடைய இடமே இனிக் கிடையாதாம். எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு நர்ஸ் அதிகப்படி, ஒருத்தி போதும் என்று மேலே முடிவு செய்திருக்கிறார்களாம். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கண் கலங்கியது தெரியக் கூடாது என்று அப்படி நின்றாள் போல.

இரண்டு பேரும் ஓடி ஓடியே மூச்சு வாங்கினார்கள். ஒருத்தி எப்படிப் போதும்? எந்தப் புத்திசாலி கூட்டிய கணக்கு இது? நீயும் அதே சுகாதார இலாகாவில்தானே இருக்கிறாய்? யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்.

பதிலைத் தாமதிக்காதே. ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டி

ஏப்ரல் 24

பாட்டிக்கு,

நலம். கால் எப்படி இருக்கிறது? பதில் தாமதமாகிவிட்டது, வேலை நெருக்கடி.

நான் இருப்பது சாதாரணக் கணக்குப் பிரிவு. நர்ஸ்களை எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்பதெல்லாம் வேறு மாடி. அங்கே எனக்கு யாரையும் தெரியாது.

காலைத் தொங்கப் போட்டு உட்காராதீர்கள். தலையணைமேல் தூக்கி வையுங்கள்.

பேத்தி

மே 11

பேத்திக்கு,

கடிதம் கிடைத்தது. குட்டையாக இருந்தது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இப்போது வாரத்துக்கு ஒரு தரம்தான் கட்டு. பெரிய நர்ஸ் எந்தக் கிழமை வருவாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழுந்திருக்கிறேன், உட்காருகிறேன். பால்காரன் வண்டி, காஸ் வண்டி, பக்கத்து வீட்டுப் பையன் வண்டி எல்லாம் எனக்கு அத்துப்படி. கட்டு நனைந்து நாறுகிறது. உன் அம்மா ஊதுவத்தி ஏற்றி வைக்கிறாள், என்னைச் சாமியாக்கிவிட்டாள். கட்டை மாற்றக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறாள். போன வாரம் நல்ல தோலில் பிளாஸ்டரை ஒட்டிப் பிய்த்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனாலும் மனதில் வைத்திருக்கிறேன்.

நேற்று பெரிய நர்ஸ் வந்தாள். நடந்து வந்தவள் மாதிரி இல்லை, தள்ளிவிடப்பட்டவள் மாதிரி வந்தாள். மடியில் என் காலை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு எடுத்த நேரக் கணக்குப்படி ஒரு நர்ஸே போதுமாம் பாட்டி."

"எந்தக் கணக்கு?"

"நீங்க எனக்கு எடுத்துக் குடுத்தீங்களே, அதே கணக்கு."

காலை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"நானும் அன்னிக்கு வாயத் தொறக்கல" என்றாள். "வேகமான நர்ஸ்னு பேர் வரட்டுமேன்னு ஒரு சபலம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பொண்ண அனுப்பிட்டோம். அப்புறம் போய்ச் சொன்னேன், கணக்கு மேல போயாச்சுன்னுட்டாங்க."

டிரைவருக்கு இப்போது மாதம் ஒரு தரம்தான். "பாதம் நன்று" என்று எழுதியிருக்கிறதாம், நன்றாக இருக்கிற காலை எதற்கு அடிக்கடி பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

அந்த வேறு மாடிக்கு நீ படி ஏறிப் போ. முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் என்ன, வாய் இருக்கிறதே. கணக்கு தப்பு, என் பாட்டி சாட்சி என்று சொல். வேண்டுமானால் என் கையெழுத்தோடு எழுதித் தருகிறேன்.

பாட்டி

ஜூன் 14

பேத்திக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரரைத் திட்டினேன், அவர் பையைத் திறந்தே காட்டிவிட்டார்.

டிரைவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புதுச் செருப்பு கடித்து இடது சுண்டு விரலில் கொப்புளம். அவருக்குத்தான் தெரியாதே. சம்சாரம் வாடை அடிக்கிறது என்று சாக்ஸைக் கழற்றியபோது விரல் கறுத்திருந்தது.

உன்னால் ஏதாவது முடியுமா முடியாதா, அதையாவது எழுது.

பாட்டி

ஜூன் 27

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? டிரைவர் மாமா எப்படி இருக்கிறார்?

கட்டுத் துணியும் ஒட்டாத வகைப் பஞ்சும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இது புண்ணோடு ஒட்டாது. அம்மாவிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பணி நிரந்தரமாகிவிட்டது. முதலில் உங்களுக்கு எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

பேத்தி

ஜூலை 16

பேத்திக்கு,

பார்சல் வந்தது. பஞ்சு நல்ல பஞ்சு. அதைப் பிரித்துக் கட்ட ஒரு கை வேண்டுமே, அதைப் பார்சலில் காணோம்.

டிரைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. உன் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"கிளட்ச் காலுதான் போச்சு பாட்டி. ஆக்சிலேட்டர் காலு பத்திரமா இருக்கு. இனிமே கியரே மாத்தாம ஓட்ட வேண்டியதுதான்."

சிரித்தோம். சம்சாரம் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை எல்லாருக்கும் கொடுத்தாள், என்னைத் தாண்டிப் போனாள்.

நான் அந்தக் கணக்கு போட்டவனைத் திட்டினேன். அவன் கை விளங்குமா, அவன் வீட்டில் வயசான கட்டை ஒன்றுகூட இல்லையா என்று. டிரைவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்க பாட்டி. எங்கயோ ஒரு புள்ள உக்காந்து, வந்ததக் கூட்டியிருக்கும். பொய் சொன்னது நாம. அதுக்கு எப்படித் தெரியும்?"

அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். அதற்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். எனக்குப் படிப்பு இல்லை, ஞாபகம் இருக்கிறது. மார்ச்சில் நீ எழுதினாய், எல்லா வட்டாரங்களின் கணக்கையும் கூட்டி வகுத்து மேலே அனுப்புகிறேன் என்று. அதே கடிதத்தில், கட்டைப் பிரித்தது வாட்ச்காரருக்குத் தெரியுமா என்று கேட்டாய். ஏப்ரலில், அதெல்லாம் வேறு மாடி என்றாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கூட்டிய கணக்கில் எங்கள் தெரு இருந்ததா?

பாட்டி

ஆகஸ்ட் 19

பாட்டி,

இருந்தது.

இதற்கு மேல் எழுத ஒரு மாதம் முயன்றேன். தாள்தான் வீணானது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, வட்டாரத்துக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று வகுத்துச் சொல்வதுதான் என் வேலை. வட்டாரத்துக்கு ஒரு தெருவில்தான் நேரம் பார்ப்பார்கள். உங்கள் வட்டாரத்துக்கு உங்கள் தெருத் தாளை என் கையால்தான் கணினியில் ஏற்றினேன். "நோயாளிகளின் ஒத்துழைப்பு மிக நன்று" என்று கீழே குறிப்பு இருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணிடம், "இது எங்க பாட்டி தெரு" என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. சொன்னால் உங்கள் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தெருக் கணக்குப் பொய் என்றால் எல்லாத் தெருவையும் திரும்பப் பார்க்க வேண்டும், கெடு தாண்டும், மேலாளர் முகம் சுளிப்பார், நிரந்தரம் தள்ளிப்போகும். ஒரு தெருதானே, அதனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். வகுத்துப் பார்த்தபோது உங்கள் வட்டாரம் ஒன்றே முக்கால், அதாவது இரண்டு நர்ஸ் என்று வந்திருக்க வேண்டியது, ஒன்று என்று வந்தது. அனுப்பிவிட்டேன்.

டிரைவர் மாமா சொன்னதைப் படித்த பிறகு ஆபீஸில் உட்கார முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியும் பாட்டி.

போன வாரம் மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தே அனுப்பினேன் என்று மட்டும் சொன்னேன். என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நிரந்தர உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை. உங்கள் வட்டாரத்தில் மறுபடி நேரம் பார்க்க உத்தரவாகிவிட்டது. அடுத்த மாதம் வாட்ச்காரரோடு நானும் வருகிறேன். நானாகத்தான் கேட்டு வாங்கினேன். வாசல்வரை வந்து நீங்கள் உள்ளே விடாவிட்டால், வாசலிலேயே நிற்கிறேன்.

பேத்தி

ஆகஸ்ட் 28

பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

என் கால் புண் இப்போது உள்ளங்கையைத் தாண்டி அகலமாகிவிட்டது. புதுத் தோல் வந்த இடம் தெரியவில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தரம்தான் நீ கேட்காமல் இருந்திருக்கிறாய்.

நீ வருகிற அன்று நான் கட்டைப் பிரிக்கமாட்டேன். தண்ணீர் காய்ச்சி வைக்கமாட்டேன், பிளாஸ்டர் வெட்டமாட்டேன். பெரிய நர்ஸ் வந்து, உட்கார்ந்து, ஊறவைத்து, நூல் நூலாகப் பிரிக்கட்டும். நான் கத்துவேன். நீ வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். அப்புறம் அவள் தெருவைத் தாண்டி டிரைவர் வீட்டுக்குப் போவாள். அந்த ஒற்றைக் கால் சாக்ஸையும் கழற்றி, ஒவ்வொரு விரலாக டார்ச் அடிப்பாள். அதையும் பார்க்க வேண்டும். டிரைவர் உன்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். சிரித்துவிடு, பாவம், அவர் அதற்காகத்தான் சொல்கிறார். நீ யார் என்பதை நீயே அவரிடம் சொல். நான் சொல்லமாட்டேன்.

உன் பழைய கட்டிலில் துணி மடித்துப் போட்டிருந்தார்கள், எடுக்கச் சொல்லிவிட்டேன். வாசலில் நிற்கிற நாடகமெல்லாம் வேண்டாம். நேரே உள்ளே வா, கை கால் கழுவு, சாப்பிடு. இளைத்துப்போயிருப்பாய். உத்தரவைத் திரும்ப வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும். என் பேத்தி பட்டினி கிடக்க நான் விடமாட்டேன். அது வேறு.

அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். வாட்ச்காரர் கண் முன்னால் நடந்ததைத்தான் எழுதினார், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பெரிய நர்ஸ் எனக்குத் தலையசைக்காமல் போனது நியாயம், அதை விட்டுவிட்டேன். சின்ன நர்ஸ் ஒரு பாவமும் அறியாதவள். உன் அம்மா வாளியைத்தான் பிடித்தாள், பிளாஸ்டரைப் பிய்த்ததையும் சேர்த்து விட்டுவிட்டேன். டிரைவரை மன்னிக்க நான் யார், அவர் என்னைப் பாட்டி என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் கூப்பிடட்டும். கட்டைப் பிரித்த கை என் கை. அதற்கு மன்னிப்பு உண்டா இல்லையா என்று டிரைவர் சம்சாரம்தான் சொல்ல வேண்டும், இன்னும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

கணக்கை அனுப்பியதைக்கூட விட்டுவிடுவேன். வேலை போய்விடுமோ என்கிற பயத்தில் யாரும் செய்வதுதான். உன் தாத்தாவும் செய்திருக்கிறார். என்னால் விட முடியாதது வேறு. நான் இங்கே நாறிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, எல்லாம் தெரிந்துகொண்டே, கடிதத்துக்குக் கடிதம் ஒருத்தி நலம் விசாரித்தாள். நானும் நம்பி, கால் கனத்ததையும் கட்டு நாறியதையும் ஒன்று விடாமல் எழுதினேன்.

வரும்போது மாற்றுத் துணி எடுத்து வா. இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன். சாகிறவரைக்கும் நான் மன்னிக்கப்போவதில்லை என்று ஒருத்தி இருக்கிறாள் என்றால், அது "கால் எப்படி இருக்கிறது பாட்டி" என்று கேட்டுக் கேட்டு எழுதிய என் பேத்தி.